சிப்பாயைக் கொடுத்து ராஜாவை வாங்கலாம், தெரியுமா?

ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறவர்களைப் பற்றி நமக்கெல்லாம் ஓர் எண்ணம் உண்டு. நிதானமானவர்கள், முப்பது நகர்த்தல் போன பிறகுதான் மூச்சே விடுவார்கள் என்று நினைக்கிறோம். அதே சிப்பாயைத் தள்ளித் தொடங்கிய ஆட்டம் ஒன்பதாவது நகர்த்தலில் செக்மேட்டில் முடியக்கூடும், தெரியுமா? அதுவும் ராணி வெட்டுப்படட்டும் என்று விட்டுவிட்டு, ஒற்றைக் குதிரையால்!

அந்த ஓப்பனிங்கின் பெயர் பிளாக்மார்-டீமர் காம்பிட். வெள்ளை டி4, கறுப்பு டி5. இதுவரை உலகமே ஆடுவதுதான். இரண்டாவது நகர்த்தலிலேயே வெள்ளை இன்னொரு சிப்பாயை இ4-ல் கொண்டுபோய், 'இந்தா, வெட்டு' என்று நிறுத்துகிறது. கறுப்பு வெட்டுகிறது. வெள்ளைக் குதிரை சி3-க்கு வருகிறது, கறுப்புக் குதிரை எஃப்6-க்கு வந்து தன் சிப்பாயைக் காக்கிறது. நான்காவதாக வெள்ளை எஃப்3 ஆடி, 'இதையும் வெட்டு' என்கிறது. கறுப்பு அதையும் வெட்ட, வெள்ளையின் இன்னொரு குதிரை அந்தச் சிப்பாயை எஃப்3-ல் விழுங்குகிறது. ஐந்தே நகர்த்தல்!

இப்போது பலகையை எண்ணிப் பாருங்கள். வெள்ளை இழந்தது இரண்டு சிப்பாய், கறுப்பு இழந்தது ஒன்று. கணக்குப்படி வெள்ளைக்கு ஒரு சிப்பாய் நஷ்டம். ஆனால் கறுப்பு செய்த நான்கு நகர்த்தலில் மூன்றை ஒரே சிப்பாய் தின்றிருக்கிறது, தெரியுமா? டி5-க்கு ஒன்று, இ4-ல் வெட்ட ஒன்று, எஃப்3-ல் வெட்ட ஒன்று. அந்தச் சிப்பாயும் கடைசியில் பலகையில் இல்லை! வெளியே வந்து நிற்பது ஒரே ஒரு குதிரை. வெள்ளைக்கோ இரண்டு குதிரைகளும் களத்தில், இரண்டு மந்திரிகளுக்கும் வழி திறந்தாயிற்று, கேஸ்லிங் செய்தால் யானை நேராக எஃப் வரிசையில் வந்து நிற்கும். ஒரு சிப்பாயின் விலைக்கு இவ்வளவா என்று முதல் தடவை பார்த்தபோது நான் வாய்பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

குவீன்ஸ் காம்பிட்டும் இப்படித்தானே என்று கேட்கலாம். இல்லை! அதில் வெள்ளை கொடுக்கும் சி4 சிப்பாயைப் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். கொடுப்பது போன்ற பாவனைதான் அது. இங்கே கொடுத்தது கொடுத்ததுதான்.

இதைத் தொடங்கிவைத்தவர் சதுரங்கத்தைத் தொழிலாகக் கொண்டவரே அல்ல, தெரியுமா? அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இசைத்தாள் அச்சிட்டு விற்றவர்! ஆர்மண்ட் எட்வர்ட் பிளாக்மார் என்று பெயர், 1826-ல் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென்மாநிலப் படையினர் பாடித் திரிந்த 'தி பானி புளூ ஃபிளாக்' பாட்டை வெளியிட்டது அவருடைய கடைதான். 1862-ல் வடவர் படை ஊரைப் பிடித்ததும் தளபதி பட்லர் இந்தப் பாட்டுக்காக அவருக்கு 500 டாலர் அபராதம் போட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தப் பதிப்பாளர்தான் 1882-ல் பிரெண்டானோ சதுரங்க மாத இதழில் இந்தக் காம்பிட்டைப் பற்றி எழுதினார். இன்னொன்று கேளுங்கள்: சதுரங்க உலகமே கொண்டாடிய பால் மார்ஃபி பிறந்ததும் அதே நியூ ஆர்லியன்ஸ்தான்! பிளாக்மாரின் கட்டுரை வந்தபோது மார்ஃபி ஆட்டத்தைத் துறந்து அந்த ஊரில் ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்தார்.

ஆனால் பிளாக்மார் ஆடிய விதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அவர் குதிரையை வெளியே எடுக்காமல் மூன்றாவது நகர்த்தலிலேயே எஃப்3 ஆடினார். கறுப்பு வெட்டாமல் சட்டென்று இ5 ஆடிவிட்டால்? வெள்ளை அந்தச் சிப்பாயை வெட்டியவுடன் கறுப்பு ராணி டி1-ல் வந்து வெள்ளை ராணியை வெட்டிச் செக் வைக்கும். ராஜாவே எழுந்து அதை வெட்டியாக வேண்டும். ராணி போயிற்று, கேஸ்லிங் உரிமை போயிற்று, தாக்குதல் என்ற பேச்சே போயிற்று! குதிரையை முதலில் சி3-ல் வைத்துவிட்டால் என்ன ஆகும்? டி1-ல் வரும் ராணியைக் குதிரை வெட்டிக்கொள்ளும், ராஜா இருந்த இடத்தில் இருப்பார். ஒரே ஒரு நகர்த்தலின் வரிசை மாறியதில் ஓர் ஓப்பனிங்குக்கு உயிர் வந்திருக்கிறது, தெரியுமா?

அந்தக் குதிரை நகர்த்தலை முன்னிறுத்தியவர் லெம்பர்க் நகரத்து இக்னாஸ் போப்பியெல். இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ்தான் அந்த ஊர். சதுரங்க வரலாற்றில் அவருக்கு இன்னொரு விசித்திரப் புகழும் உண்டு. 1902, மான்டி கார்லோ போட்டி. எதிரே வியன்னாவின் ஜார்ஜ் மார்கோ. மார்கோவின் மந்திரி டி4-ல் கட்டுண்டு நிற்கிறது, எப்படியும் பறிபோகப் போகிறது. மார்கோ பெருமூச்சு விட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார். உண்மையில் அந்த நிமிடம் ஜெயிக்க வேண்டியவர் மார்கோ! அதே மந்திரியை வெள்ளை ராஜாவின் பக்கத்துக் கட்டமான ஜி1-ல் கொண்டுபோய் வைத்திருந்தால், எச்2-ல் செக்மேட் மிரட்டல் ஒரு பக்கம், டி வரிசையில் தாக்குதல் இன்னொரு பக்கம். வெள்ளையால் இரண்டையும் தடுக்க முடியாது. ஜெயிக்கும் இடத்தில் தோல்வியை ஒப்புக்கொள்வதற்கு உதாரணமாக இந்த ஆட்டத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

இனி டீமர். எமில் யோசஃப் டீமர் 1908-ல் ஜெர்மனியின் ராடால்ஃப்ஸெல் ஊரில் பிறந்தார். ஒரே ஓர் ஓப்பனிங்கைத் தன் மதம் போல் பரப்பிய மனிதர்! அவர் புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'முதல் நகர்த்தலிலிருந்தே மேட்டை நோக்கி!' என்று வரும், ஆச்சரியக்குறி அவருடையதுதான். 1956 அவர் ஆண்டு. நெதர்லாந்தின் பெவர்வெய்க் போட்டியில் ரிசர்வ் பிரிவை வென்றார், சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் நடந்த திறந்தநிலைப் போட்டியையும் வென்றார். அவர் வாழ்க்கையின் இருண்ட பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். நாஜிக் கட்சியில் சேர்ந்து, அந்த ஆட்சியின் சதுரங்கச் செய்தியாளராக ஊர் ஊராகப் போனவர் அவர். காம்பிட்டின் அழகுக்காக இதை மறைப்பது தப்பு. பிற்காலத்தில் நோஸ்ட்ரடாமஸின் ஆரூடங்களை எண்களாகப் பிரித்துப் படிப்பதில் மூழ்கினார். கடிதங்களை எழுதிக் குவித்தார். 1960-களில் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே மருத்துவர்கள் அவருக்கு எதைத் தடை செய்தார்கள் தெரியுமா? சதுரங்கத்தை! அது அவரை அளவுக்கு மீறி உசுப்புகிறதாம். பல ஆண்டு கழித்து மறுபடியும் பலகைக்கு வந்தார், 1990-ல் மறைந்தார்.

சரி, அந்த ஒன்பது நகர்த்தல் செக்மேட்! பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். ஐந்தாவது நகர்த்தலில் குதிரையால் வெட்டாமல் ராணியாலேயே எஃப்3-ல் வெட்டுவது ரைடர் காம்பிட். ராணி டி1-ஐ விட்டுப் போனதால் டி4 சிப்பாய் அநாதை. கறுப்பு ராணி ஆசையோடு அதையும் வெட்டுகிறது. இரண்டு சிப்பாய் லாபம்! வெள்ளை மந்திரி இ3-க்கு வந்து ராணியை விரட்டுகிறது. ராணி பி4-க்கு ஓடுகிறது. வெள்ளை ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்கிறது. யானை திறந்த டி வரிசையில் அமைதியாக வந்து உட்கார்கிறது. கறுப்பின் கண்ணுக்கு அப்போது ஜி4 தெரியும். மந்திரியை அங்கே வைத்தால் வெள்ளை ராணிக்குக் குறி, ராணி விலகினால் பின்னால் நிற்கும் யானைக்குக் குறி. இதைவிட நல்ல நகர்த்தல் உண்டா? வைக்கிறது.

வெள்ளைக் குதிரை பி5-க்குத் தாவுகிறது. ராணியைக் காப்பாற்றவே இல்லை!

மந்திரி ராணியை வெட்டினால், குதிரை சி7-ல் வெட்டி செக்மேட். ராஜாவின் இடப்பக்கம் முழுவதும் சொந்தக் காய்கள். டி7, டி8 இரண்டையும் தூரத்திலிருந்து யானை அடைத்துவிட்டது. சரி, கறுப்பு ராணி அந்தக் குதிரையையே பி5-ல் வெட்டினால்? வெள்ளை மந்திரி எஃப்1-லிருந்து பாய்ந்து ராணியை வெட்டுகிறது, அதுவும் செக்கோடு! செக்கைச் சமாளிப்பதற்குள் ராணி போனது போனதுதான். இதற்கு ஹாலோசார் பொறி என்று பெயர். இதில் எனக்குப் பிடித்தது செக்மேட்கூட இல்லை. பி5 கட்டத்தை அந்த மந்திரி இரண்டாவது நகர்த்தலிலிருந்தே, ஓர் அடி நகராமல், காவல் காத்துக்கொண்டிருந்ததுதான். ஆனால் ஒன்று: ராணியை பி4-க்குப் பதிலாக ஜி4-க்குக் கொண்டுபோய் 'ராணிக்கு ராணி மாற்றிக்கொள்வோமா' என்று கறுப்பு கேட்டுவிட்டால் பொறி பிசுபிசுத்துவிடும், வெள்ளை இரண்டு சிப்பாய் கடனில் நிற்கும். அதனால் கற்றுக்கொள்ள உட்காருகிறவர்கள் குதிரையால் வெட்டும் பாதையில் தொடங்குவதே நல்லது. ரைடரை நண்பர்களோடு ஆடும் வேக ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரைப் பாதையில் மனப்பாடம் குறைவு. ஒரு மந்திரி டி3-க்கோ சி4-க்கோ, இன்னொன்று ஜி5-க்கு, ராஜாப் பக்கம் கேஸ்லிங். அடுத்து ராணி டி1-லிருந்து இ1-க்கு ஒரே ஓர் அடி வைக்கிறது. பின்வாங்குவதுபோல் இருக்கிறதா? இ1, எஃப்2, ஜி3, எச்4 என்று ஒரு மூலைவிட்டம் ஓடுகிறது பாருங்கள்! எஃப் சிப்பாயைக் கொடுத்தோமே, யானைக்கு வரிசையைத் திறந்த அந்தச் சிப்பாய்தான் ராணிக்கு இந்த வழியையும் திறந்தது. அடுத்த நகர்த்தலில் ராணி எச்4-ல், கறுப்பு ராஜாவின் வாசலில். அங்கே ராஜாவை விட்டால் எச்7-ஐக் காப்பது பெரும்பாலும் எஃப்6 குதிரை ஒன்றுதான். மந்திரியைக் கொடுத்தோ யானையையே கொடுத்தோ அந்தக் குதிரையைத் தூக்கிவிட்டால் கோட்டைக்குக் கதவு இல்லை. கறுப்பு ஜி6 ஆடி மந்திரியை ஜி7-ல் வைக்கும்போதும் இதே ராணி நடையை ஆடுகிறார்கள். அதற்கு ஸ்டூடியர் தாக்குதல் என்று பெயர்.

அந்த ஜி6 தற்காப்பு யார் பெயரில் இருக்கிறது தெரியுமா? அலேகினோடு 1929-லும் 1934-லும் உலகப் பட்டத்துக்கு மோதிய போகோல்யூபோவ் பெயரில்! இ6 ஆடினால் அது உலக சாம்பியனாக இருந்த கணித ஆசிரியர் மாக்ஸ் யூவ் பெயர். மந்திரியை ஜி4-ல் வைத்தால் டைஷ்மன். ஒரு கண் பார்வை இல்லாமல் உலகின் பெரிய போட்டிகளையெல்லாம் ஆடியவர், பல போட்டிகளில் ஐந்தாம் இடம் பிடித்ததால் 'ஐந்தாம் ரிச்சர்ட்' என்றே அழைக்கப்பட்டவர். அப்போது எச்3 ஆடி, மந்திரி குதிரையை வெட்டியதும் ராணியால் திருப்பி வெட்டுங்கள். உங்களிடம் இரண்டு மந்திரி, கறுப்பிடம் ஒன்று. மந்திரி எஃப்5-ல் வந்தால் குண்டெராம். குதிரையை இ5-ல் நிறுத்தி, ஜி சிப்பாயை அதன்மேல் ஓடவிடுங்கள். எல்லாவற்றிலும் கல்லுப்போல் நிற்பது சி6 ஆடும் ஸீக்லர். எதிராளி அதை ஆடினால் அவர் படித்திருக்கிறார் என்று அர்த்தம், அவசரப்படாதீர்கள்.

இன்றைய கணினிகள் இந்தக் காம்பிட்டை மதிப்பதில்லை. துல்லியமாக ஆடும் கறுப்பே மேல் என்று கணக்குச் சொல்கின்றன. நீண்ட நேர ஆட்டங்களில் கிராண்ட்மாஸ்டர்களும் இதன் பக்கம் அநேகமாக வருவதில்லை. வெள்ளைக்குச் சொந்த ஆபத்தும் உண்டு. எஃப் சிப்பாய் போனதால் ஜி1-ல் இருக்கும் ராஜாவுக்கு நேராக ஒரு மூலைவிட்டம் திறந்து கிடக்கிறது. டி4-ல் கறுப்பு ராணி வெட்டினால் அது செக்கோடு வெட்டும். பாதி ஆட்டங்களில் நான் தோற்றது இந்த ஒரு செக்கை மறந்துதான்! கேஸ்லிங் முடிந்ததும் ராஜாவை எச்1-க்கு நகர்த்தும் வழக்கத்தை முதல் வாரத்திலேயே பழகிக்கொண்டால் நிறைய கண்ணீர் மிச்சமாகும். ஆனால் நம்மைப் போல ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களுக்கு எதிரே உட்காருவது கணினி இல்லையே. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பத்து நகர்த்தல் தொடர்ந்து சரியாகத் தற்காத்து ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஒருமுறை கறுப்புக் காய்களோடு உட்கார்ந்து பாருங்கள்.

எதிராளி டி5 ஆடாமல் முதலிலேயே குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் வீணா? இல்லை! நீங்களும் குதிரையை சி3-ல் வையுங்கள். அவர் டி5 ஆடியதும் இ4 தள்ளுங்கள். அவர் சிப்பாயால் வெட்டினால் நீங்கள் எஃப்3. பலகையைப் பாருங்கள், அதே நிலை, ஒரு காய்கூட இடம் மாறியிருக்காது.