பாவனை விமானத்தில் பார்வை திருப்புதல்

வீட்டு மேசைமீது கணிப்பொறியை வைத்துக்கொண்டு விமானம் ஓட்டிப் பார்க்கும் விளையாட்டை மாணவ நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 1979-ஆம் ஆண்டில் புரூஸ் ஆர்ட்விக் என்னும் அமெரிக்கர் ஆப்பிள் கணிப்பொறிக்காக இத்தகைய விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். அதில் நிலம் என்பது சில கோடுகளே. 1982-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பெயரால் ஒன்றை வெளியிடத் தொடங்கிற்று. 2020-இலும் 2024-இலும் வந்த அதன் பதிப்புகளில் வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு உலகப் பரப்பு முழுவதும் தீட்டப்பட்டிருக்கிறது. இத்துணை வளர்ச்சி பெற்றும், விளையாடுவோன் பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பது எங்ஙனம் என்னும் கேள்வி நெடுநாள் தொல்லை தந்துகொண்டே இருந்தது.

திரையின் அகலம் 60 சென்டிமீட்டர் என்றும், அதற்கு எதிரே 70 சென்டிமீட்டர் தொலைவில் ஒருவன் அமர்ந்திருக்கிறான் என்றும் கொள்வோம். அவன் கண்ணில் அத்திரை அடைத்துக்கொள்ளும் கோணம் ஏறத்தாழ 46 பாகை. அஃதாவது, மூக்குக்கு நேரே இடப்புறம் 23 பாகை, வலப்புறம் 23 பாகை. மனிதனுடைய இரு கண்களும் சேர்ந்து தலையைத் திருப்பாமலே 180 பாகைக்கு மேல் காண வல்லவை. ஆகவே திரைக்கு முன் அமர்ந்தவன், கடிவாளத்தோடு கண்பட்டையும் கட்டிய வண்டிக் குதிரையின் நிலையில் இருக்கிறான்.

இக்குறை சிறிதன்று. விமானம் ஓட்டக் கற்பவன் பழகும் அடிப்படைப் பயிற்சிகளுள் ஒன்று நிலையத்தைச் சுற்றி வந்து இறங்குவதாகும். ஓடுபாதையிலிருந்து எழும்பி, இடப்புறம் திரும்பி, மீண்டும் ஒரு முறை இடப்புறம் திரும்பினால், ஓடுபாதைக்கு இணையாக அதற்கு எதிர்த்திசையில் பறப்போம். ஓடுபாதை அப்போது இடது கைப்பக்கம் கிடக்கும். அடுத்த திருப்பத்தை எப்போது தொடங்குவது? ஓடுபாதையின் தொடக்க முனை, இடது இறக்கைக்கு 45 பாகை பின்னே தெரியும்போது தொடங்க வேண்டும் என்று பயிற்சி ஆசிரியர்கள் கற்பிப்பார்கள். விமானத்தின் மூக்கிலிருந்து கணக்கிட்டால் அது 135 பாகை. திரை காட்டுவதோ 23 பாகை! இடது தோளுக்குப் பின்னே பார்க்க இயலாதவன் குத்துமதிப்பாகத் திரும்புகிறான். முன்னதாகத் திரும்பி மிகுந்த உயரத்தில் வந்து சேர்கிறான், அல்லது காலந்தாழ்த்தித் திரும்பி ஓடுபாதையை விட்டு நெடுந்தொலைவு விலகிப் போகிறான். அருகில் வேறு விமானம் வருகிறதா என்று சுற்றிலும் நோக்குவதும் விமானியின் முதற் கடமைகளுள் ஒன்று. அதற்கும் இதே இடையூறுதான்.

பழைய பயிற்சிப் பொறிகளில் இத்தொல்லை எழவில்லை. எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையாரின் இசைப்பேழைத் தொழிற்சாலையில் கற்ற துருத்தி வேலையைப் பயன்படுத்தி, நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் 1929-இல் ஒரு பொறியை அமைத்தார். பயில்வோன் அதனுள் அமர்ந்தபின் மேல்மூடியை மூடிவிடுவார்கள். வெளிக்காட்சி எதுவும் இல்லை. அளவைக் கருவிகள் மட்டுமே முன்னிருக்கும். மேகத்தினுள் பறக்கப் பழக்குவதற்கு அது போதும். 1934-இல் அமெரிக்க இராணுவம் அஞ்சல் ஏற்றிச் சென்ற விமானங்கள் கடும் வானிலையில் வீழ்ந்து விமானிகள் பலர் மாண்ட பிறகு, அந்த இராணுவமே லிங்கின் பொறிகளில் ஆறினை வாங்கிற்று. கருவி பார்த்துப் பறப்பதற்கு மூடிய பெட்டி பொருந்தும். கண்ணால் பார்த்துப் பறப்பதற்கு அது பொருந்தாது.

வீட்டு விளையாட்டில் முதலில் வந்த வழி, இயக்குகோலின் உச்சியில் கட்டைவிரலுக்கு எட்டும்படி ஒரு சிறு குமிழ் வைத்ததாகும். அதனை இடப்புறம் தள்ளினால் காட்சி இடப்புறம் திரும்பும். இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் விமானம் சாயும் வேளையில் கட்டைவிரலுக்கு வேறு வேலைகளும் உண்டு. பார்ப்பது இயல்பாக நிகழ வேண்டிய செயல். அதனை விரலின் பொறுப்பில் விட்டால், பார்க்க வேண்டும் என்று நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நினைவு தவறினால் பார்வையும் தவறும்.

அடுத்த வழி, தலையசைவைக் கணிப்பொறிக்கு அறிவிப்பது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து நேச்சுரல்பாயிண்ட் நிறுவனத்தார் செய்யும் ட்ராக்ஐஆர் இவ்வகையில் பெயர் பெற்றது. தொப்பியின் விளிம்பில் ஒளியை எதிரொளிக்கும் மூன்று புள்ளிகளைப் பொருத்திக்கொள்ள வேண்டும். திரையின்மேல் வைத்த சிறு காமிரா, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் அப்புள்ளிகளைக் காண்கிறது. புள்ளிகளுக்கிடையே உள்ள தொலைவு முன்பே தெரிந்தது. ஆதலால் படத்தில் அவை நெருங்குவதையும் விலகுவதையும் சாய்வதையும் கொண்டு தலையின் ஆறு வகை அசைவுகளையும் கணக்கிட்டுவிடலாம். திரும்புதல், நிமிர்தல், சாய்தல் என்பன மூன்று. முன்பின், இடம்வலம், மேல்கீழ் பெயர்தல் என்பன மூன்று. இப்போது சாதாரணக் காமிராவைக்கொண்டே முகத்தை அடையாளம் கண்டு இவ்வேலையைச் செய்யும் ஓபன்ட்ராக் போன்ற இலவச மென்பொருள்களும் உள்ளன.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. தலையை உண்மையாகவே 135 பாகை திருப்பினால் திரை கண்ணுக்குத் தெரியாது! ஆகவே தலை 20 பாகை திரும்பினால் காட்சி 135 பாகை திரும்பும்படி அசைவைப் பெருக்கிக் காட்டுகிறார்கள். தலை இடப்புறம் போக, கண் வலப்புறமாக ஒதுங்கித் திரையைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். முதல் நாள் இது திகைப்பாக இருக்கும். பழகப் பழகத் தோன்றாது. நேராகப் பார்க்கும்போது தலையின் சிறு நடுக்கம் காட்சியை அசைக்காதிருக்க, நடுவில் சிறிது இடத்தை உணர்வற்றதாக விட்டுவிடுவதும் வழக்கம்.

இனி, தலை எதற்கு, கண்ணையே பின்தொடரலாமே என்று கேட்கத் தோன்றும். கண்ணசைவை அளக்கும் முயற்சி பழமையானது. அது தோன்றிய இடமும் வகுப்பறைக்கு அண்மையதே. படிக்கும்போது கண் வரியின்மீது சீராக வழுக்கிச் செல்வதில்லை, தாவித் தாவித் தங்கிச் செல்கிறது என்பதைப் பிரான்சு நாட்டு எமீல் ஜாவால் அவர்களின் ஆய்வுக்கூடம் 1879-ஐ ஒட்டி வெளிப்படுத்தியது. பின்னர் எட்மண்ட் ஹ்யூயி என்னும் அமெரிக்கர், மரத்துப்போகச் செய்த கண்ணின்மேல் ஒரு சிறு கிண்ணத்தைப் பொருத்தி, அதனோடு இணைத்த முள் தன் அசைவைத் தானே வரையும்படி செய்தார். கேட்கும்போதே நமக்குக் கண் கூசுகிறது. நல்வேளையாக 1901-இல் டாட்ஜ், கிளைன் என்னும் இருவர், கண்ணின் மேற்படலத்தில் பட்டு மீளும் ஒளியைப் படமெடுத்தே அசைவை அறியலாம் என்று காட்டினர்.

இன்றைய கருவிகளும் அவ்வழியில் வந்தவையே. ஸ்வீடன் நாட்டில் 2001-இல் தொடங்கப்பட்ட டோபி நிறுவனம் விற்கும் கருவி ஒரு மெல்லிய பட்டை. திரையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளி கண்ணின் தெளிந்த மேற்படலத்தில் ஒரு மின்னலாகத் தோன்றும். கண் உருளும்போது கண்மணி இடம் மாறுகிறது. மின்னலோ அவ்வளவாக மாறுவதில்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, பார்வை திரையில் எங்கே விழுகிறது என்று கணிப்பொறி கண்டுகொள்கிறது. ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வோர் அமைப்புடையதாதலால், முதலில் திரையில் சில புள்ளிகளைக் காட்டி, அவற்றைப் பார்க்கச் சொல்லி அளவு பொருத்திக்கொள்கிறார்கள். பருத்த மூக்குக்கண்ணாடியும் சன்னல் வழியே வரும் வெயிலும் இதற்குச் சில வேளை இடையூறு செய்யும்.

இப்போது கண்ணுக்கு மட்டும் ஆட்சியைக் கொடுத்துப் பாருங்கள். திரையின் இடக்கோடியில் ஓடுபாதை எட்டிப் பார்க்கிறது. நீங்கள் அங்கே நோக்குகிறீர்கள். காட்சி இடப்புறம் திரும்புகிறது. திரும்பியதும் ஓடுபாதை திரையின் நடுவை நோக்கி நகர்ந்து வருகிறது. அதைப் பின்தொடரும் உங்கள் கண்ணும் நடுவுக்கு வருகிறது. கண் நடுவுக்கு வந்ததும், நேரே பார்க்க விரும்புகிறீர்கள் என்று கருவி எண்ணி, காட்சியை மீண்டும் முன்னுக்குத் திருப்ப முற்படுகிறது. இரண்டுக்கும் இடையே ஏதோ ஓரிடத்தில் இழுபறியாய் நிற்கும். தோளுக்குப் பின்னே உள்ளதை நிலையாகப் பார்த்துக்கொண்டிருத்தல் இயலாது. கீழ்க்கோடியில் உள்ள உயரமானியைப் படிக்கப் போனாலும், காட்சி குனிந்து அடிவானம் மறையும்.

காரணம் கண்ணின் இயல்பிலேயே இருக்கிறது. விழித்திரையில் நுட்பமாகக் காணும் பகுதி ஏறத்தாழ 2 பாகை அளவினதே. அதனால் கண் ஒரு வினாடியில் மூன்று நான்கு முறை தாவி, கண்டதைச் சேர்த்துக்கொள்கிறது. அத்தாவல்களில் பெரும்பாலானவை நாம் அறியாமலே நிகழ்பவை. அவை ஒவ்வொன்றையும் கட்டளை என்று கொண்டால் என்னாகும்? தொட்டதெல்லாம் பொன்னாகி உண்ணவும் வழியின்றிப் போன கிரேக்கக் கதை மன்னன் மைடாஸின் பெயரால் இதனைச் சுட்டினார், அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராபர்ட் ஜேக்கப், 1990-இல். பார்த்தவுடன் செயல் நிகழ்வது நெற்றிக்கண்ணுக்குத் தகும்; நம் கண்களுக்குத் தகாது.

ஆகவே இப்போது இரண்டையும் கலக்கிறார்கள். டோபி 2020-இல் வெளியிட்ட ஐந்தாம் கருவி தலை, கண் ஆகிய இரண்டின் அசைவையும் காண்கிறது. காட்சியைப் பெரிதும் திருப்பும் வேலையைத் தலைக்கு விட்டு, கண்ணுக்குச் சிறிதளவே பங்கு தருமாறு அமைத்துக்கொள்ளலாம். தலை இடப்புறம் திரும்பி நிற்கும். கண் விடுதலையாக ஓடுபாதையை ஆராயும். என் கருத்தில், தொடங்குவோர் கண்ணின் பங்கை முற்றிலும் நீக்கிவிட்டுத் தலையசைவை மட்டும் பழகி, பிறகு சிறுகச் சிறுகக் கண்ணைச் சேர்ப்பதே நன்று.

உண்மை விமானப் பயிற்சிக்குப் போக எண்ணும் மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளையாட்டில் தலை சிறிது திரும்ப, கண் எதிர்ப்புறம் ஒதுங்குகிறது. உண்மை விமானத்திலோ கழுத்தை நன்றாகத் திருப்பியே பார்க்க வேண்டும். எப்போது, எங்கே பார்ப்பது என்னும் ஒழுங்கை விளையாட்டு கற்பிக்கும். கழுத்தின் பழக்கத்தைக் கற்பிக்காது. முகத்தில் அணியும் மெய்ந்நிகர்க் காட்சிக் கருவியில் தலை திரும்பும் அளவே காட்சியும் திரும்பும். ஆனால் தன் கையையும் மேசையையும் காணாது தடவ வேண்டியிருக்கும்.

கையை அசைக்க இயலாதோருக்கு இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. இயக்க நரம்புகள் நலியும் நோயில் கைகால்களும் பேச்சும் போன பின்னும், கண்ணசைவு பெரும்பாலும் நெடுநாள் நிலைத்திருக்கும். டோபியிலிருந்து 2021-இல் தனியே பிரிந்த டோபி டைனாவாக்ஸ் நிறுவனத்தின் கருவிகள், திரையில் தெரியும் எழுத்துகளைக் கண்ணாலேயே தேர்ந்து பேச அவர்களுக்கு உதவுகின்றன. மைடாஸின் இடர்ப்பாடு அங்கும் உண்டு. ஆகையால் ஓர் எழுத்தின்மீது பார்வை குறித்த நேரம் தங்கினால்தான் அது தேர்ந்ததாகக் கொள்ளப்படும்; அந்த நேரம் எவ்வளவு என்பதைப் பயன்படுத்துவோரின் களைப்புக்கும் பழக்கத்துக்கும் ஏற்பக் கூட்டியும் குறைத்தும் வைக்கிறார்கள்.