கோல் அடித்தவர் கழகம் நடத்திய கதை

"பந்து உதைப்பவனுக்கு முப்பத்தைந்து வயதானால் பிழைப்பு ஏது?" அத்திபெலேயில் குடியேறி வாழும் நம் பெற்றோர் பலர் எழுப்பும் வினா இது. நியாயமான அச்சமே. ஆயினும் இருவர் வாழ்வை நோக்குவோம்.

இத்தாலியரான ராபர்ட்டோ பெட்டேகா, டூரின் நகரத்து யுவென்டஸ் கழகத்தின் முன்னணி ஆட்டக்காரர். 1978 உலகக் கோப்பையில் அவர் அடித்த ஒரு கோல், அர்ஜென்டினாவை அதன் சொந்த மண்ணிலேயே தோற்கச் செய்தது. ஆட்டத்தை விட்டபின், 1994-இல் அதே கழகத்தின் துணைத் தலைவரானார். 1996-இல் கழகம் ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

நம் தமிழகத்து ராமன் விஜயன், 1997-98 தேசிய லீக்கில் கொச்சிக் கழகத்துக்காக 10 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார். பின்னர்ப் பயிற்சியாளராகி, தம் பெயராலேயே சிறுவர்க்குக் காற்பந்துப் பள்ளி அமைத்தார்.

எவரைச் சேர்ப்பது, எவரை விடுவிப்பது, என்ன விலை கொடுப்பது என்று முடிவு செய்ய ஆட்ட அனுபவம் வேண்டும். கணக்கும் மொழியறிவும் அதனினும் வேண்டும். தமிழும் கன்னடமும் ஒருங்கே பேசும் நம் பிள்ளைகளுக்கு மொழியறிவு வாய்த்தே இருக்கிறது.

ஆகவே பெற்றோரே, மாலையில் பந்தை மறுக்காதீர். காலையில் பாடத்தைத் தளர விடாதீர்.