மூளையில் நினைவு பதியும் இடம்

வளர்ந்த மனிதரின் மூளை ஏறக்குறைய 1.4 கிலோ எடை இருக்கும். அதில் பெரும்பங்கு பெருமூளைதான். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடல் திட்டமிடுகிறது, அவசரத்தை அடக்குகிறது. உச்சிமடல் தொடுவுணர்வுக்கு, பொட்டுமடல் கேட்பதற்கு, பிடரிமடல் பார்ப்பதற்கு என்று பாடநூல்கள் பிரிப்பது ஓரளவு வசதிக்காகத்தான்; எந்த மடலும் தனியாக இயங்குவதில்லை. பின்பக்கம் கீழே உள்ள சிறுமூளை உடலின் சமநிலையைக் காக்கிறது. மூச்சும் இதயத்துடிப்பும் மூளைத்தண்டின் பொறுப்பு. தூக்கத்திலும் அதற்கு ஓய்வில்லை.

பொட்டுமடலின் உட்புறத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, ஹிப்போகாம்பஸ் இருக்கிறது. அதன் வேலையை உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். கடும் வலிப்பு நோயால் அவதிப்பட்ட அவருக்கு 1953-ல் நடந்த அறுவைச் சிகிச்சையில் இருபுற ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பின் நடந்த எதுவும் மனதில் தங்கவில்லை. சிறுவயது நினைவுகளும் பேச்சும் அறிவுக்கூர்மையும் அப்படியே இருந்தன. பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர்கூட ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதியவர்தான்.

மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி தந்தார். காகிதத்தில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் மட்டும் பார்த்து, கோடுகளுக்கிடையே பென்சிலை ஓட்ட வேண்டும். நாளுக்கு நாள் மொலைசனின் பிழைகள் குறைந்தன. முன்பு அதைச் செய்த நினைவோ அவருக்குத் துளியும் இல்லை. நிகழ்ச்சிகளை நினைவில் கொள்வதும் கைப்பழக்கமும் மூளையின் வெவ்வேறு வழிகளில் நடக்கின்றன என்பது அதிலிருந்து தெளிவானது. கைப்பழக்கத்துக்குச் சிறுமூளையும், பெருமூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்பு முடிச்சுகளும் முக்கியம்.