அவன் ஓட்டினால் மட்டும் நிற்கும் வண்டி

பிழைப்புக்காகப் புனே வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. போசரி தொழிற்பேட்டையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதிலேயே என் காலம் பெரும்பாலும் கழிந்தது. ‘உங்கள் தொழிலைப் பற்றி எழுதுங்களேன்’ என்று சங்கத்து நண்பர் கேட்டபோது, 2011-இல் என்னைத் தலைகுனிய வைத்த ஒரு ஃபோர்க்லிஃப்ட் வண்டிதான் நினைவுக்கு வந்தது.

இரண்டரை டன் தூக்கும் வண்டி. கிடங்கில் உணவுப் பொருட்கள் இருந்ததால், டீசல் புகை கூடாதென்று எரிவாயுவில் ஓடுவதாக வாங்கியிருந்தார்கள். நம் வீட்டு அடுப்புக்கு சிலிண்டரின் மேற்பகுதியில் நிற்கும் ஆவிதான் வருகிறது. இந்த வண்டியிலோ சிலிண்டர் பின்புறம் படுத்திருக்கும். எரிவாயு திரவமாகவே வெளியேறும். வழியில் ‘லாக்-ஆஃப்’ என்றொரு மின்சார வால்வு. மின்சாரம் வந்தால் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். அதை அடுத்து ‘வேப்பரைசர்’. எஞ்சினைச் சுற்றி வரும் சுடுநீர் அதன் வழியே ஓட, அந்தச் சூட்டில் திரவம் ஆவியாகி எஞ்சினுக்குப் போகும்.

இந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நிற்க ஆரம்பித்தது. ஒரு நாள் நான்கு முறை, மறுநாள் ஒரு முறையும் இல்லை. சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பிவிடும். எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பாரத்தோடு போகும்போது இது விளையாட்டல்ல.

நான் என்ன செய்தேன்? எரிவாயு ஃபில்டரை மாற்றினேன். ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினேன். இக்னிஷன் காயிலையும் மாற்றினேன். வண்டி அப்படியேதான் நின்றது. கடைசியில் நானே ஏறி ஒரு மணி நேரம் ஓட்டினேன்; ஒரு முறைகூட நிற்கவில்லை. இன்னொரு டிரைவர் ஓட்டினார், அவருக்கும் நிற்கவில்லை. பீகாரிலிருந்து வந்த ஒரு பையன் ஓட்டும்போது மட்டுமே நின்றது. கான்ட்ராக்ட் ஆள், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ‘வேலை செய்யச் சோம்பல், வேண்டுமென்றே அணைக்கிறான்’ என்றார் மேற்பார்வையாளர். ‘இயந்திரத்தில் பழுதில்லை’ என்று நானும் எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த ஒரு வரி போதும், அவனை ஊருக்கு அனுப்ப.

அன்று மாலை பையன் என்னிடம் வந்தான். “சாப், மைனே குச் நஹீ கியா” என்றான். அழவில்லை, கெஞ்சவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. 1988-இல் நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், இந்தி தெரியாத ஒரே காரணத்தால் யாரோ உடைத்த ஒரு கேஜுக்கு என் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்று நானும் இதையேதான் சொல்ல நினைத்தேன். சொல்ல வார்த்தை இல்லை.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்: “எப்போது நிற்கிறது?” யோசித்துச் சொன்னான்: “ரிவர்ஸ் போகும்போதுதான் அதிகம்.” பாரம் உயரமாக இருந்தால் முன்னால் பார்வை மறையும், அதனால் பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும்.

மறுநாள் பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றை லாக்-ஆஃப் வால்வுக்குப் போகும் ஒயரில் இணைத்து, வெளியே தெரியும்படி கட்டினேன். பல்பு எரிந்துகொண்டே எஞ்சின் நின்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது; பல்பும் அணைந்தால் வால்வுக்கு வரும் மின்சாரம்தான் அறுபடுகிறது. ஓட்டச் சொல்லிவிட்டு ஓரமாக நின்று பார்த்தேன்.

மூன்றாவது நடை. பையன் பின்னால் பார்க்க வலப்புறம் நன்றாகத் திரும்பினான். பல்பு அணைந்தது. குழாயில் மிச்சமிருந்த வாயுவில் ஓரிரு நொடி ஓடி, எஞ்சின் நின்றது. வேப்பரைசரைத் தொட்டேன், சூடாகவே இருந்தது, பனி பிடிக்கவில்லை. பனி உறைந்து அடைத்திருந்தால் அது உருகும்வரை வண்டி கிளம்பாது. உடனே கிளம்புகிறது என்றால் எங்கோ ஒரு தொடுப்பு விட்டுவிட்டுச் சேர்கிறது என்று பொருள். இதை முதல் நாளே நான் யோசித்திருக்க வேண்டும்.

அந்த மின்சாரம் இருக்கைக்கு அடியிலுள்ள ஸ்விட்ச் வழியாக வருகிறது. ஆள் இறங்கிவிட்டால் வண்டி தானாக நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. எல்லா வண்டிகளிலும் இப்படி எஞ்சினை நிறுத்தாது. எங்கள் வண்டியில் அப்படி. பையனை உட்காரவைத்து, அந்த ஸ்விட்சில் மீட்டரை வைத்தேன். அவன் உடம்பைத் திருப்பி இடது பக்கம் சற்றே எழும்பியதும் தொடுப்பு விட்டது. நான் உட்கார்ந்து அதேபோல் திரும்பினேன், விடவில்லை. மெத்தையின் ஸ்பாஞ்ச் அமுங்கி இறுகி, ஸ்விட்ச் அரைகுறையாகத்தான் அழுந்திக்கொண்டிருந்தது. என் எடை எண்பது கிலோ. அவன் நாற்பத்தைந்து இருப்பானா? வண்டிக்கு ஆள் பேதம் தெரியாது. எடை பேதம் தெரிந்திருக்கிறது!

எங்கள் நாகர்கோவில் வெல்டர் சொன்னார்: “ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கி விட்டுருங்க அண்ணாச்சி, வேலை முடிஞ்சுது.” மறுத்துவிட்டேன். அப்படிச் செய்தால் ஆள் இறங்கிய பிறகும் வண்டி உயிரோடிருக்கும். நாளை யார் காலில் ஏறுமோ! புது ஸ்விட்சும் மெத்தையும் வர மூன்று நாளாயின. அதுவரை ஹேண்ட் பேலட்டில் சரக்கு இழுத்தோம். எல்லோரும் என்னைத் திட்டினார்கள்.

முதலில் எழுதியதைத் தவறென்று ஒப்புக்கொண்டு மேலாளரிடம் வேறு எழுதிக் கொடுத்தேன். பையன் வேலையில் நீடித்தான். மேற்பார்வையாளர் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன், சொல்ல வேண்டியவன் நான்தானே.

அதன்பின், விட்டுவிட்டு வரும் எந்தக் கோளாறானாலும் ஸ்பானரை எடுக்குமுன் ஓட்டுகிறவரிடம் உட்கார்ந்து பேசுகிறேன். நாம் சோதித்தபோது வராத கோளாறு, இல்லாத கோளாறு ஆகிவிடாது. வீட்டில் மிக்ஸி நின்றாலும், ‘நீ போட்டால்தான் நிற்கிறது’ என்று இல்லத்தரசியைக் குறை சொல்லுமுன், அவர் எப்படிப் போடுகிறார் என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள்.