சும்மா இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல வேலை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் வைரஸ், பிரிண்டர், பாஸ்வேர்ட் பற்றித்தான். பீளமேட்டில் ஒரு பெண் கேட்டது வேறு மாதிரி. "ஏனுங்க, பாதி நேரம் இது சும்மாதான் கிடக்குது. இத வெச்சு எங்க அம்மாயிக்கு ஏதாச்சும் பண்ண முடியுங்களா?" அம்மாயிக்கு அல்சைமர் நோய். பேத்தியின் பெயர் மறந்துவிட்டது.

பண்ணலாம். ஆனால் இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலில் ஆராய்ச்சியைப் பார்ப்போம்.

1906ல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் இந்த நோயை விவரித்தார். மூளை செல்களுக்கு வெளியே அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துணுக்குகள் திட்டுத் திட்டாகப் படிகின்றன. உள்ளே டௌ என்ற புரதம் சிக்கலாகத் திரள்கிறது. கோவைக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். கோனில் ஒழுங்காகச் சுற்றிய நூல் தறியில் ஓடும். சிக்கு விழுந்த நூல் ஓடாது. புரதமும் ஒரு நூல் போன்றதுதான். சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும்.

அது எப்படி மடிகிறது, எப்படி ஒன்றோடொன்று ஒட்டுகிறது என்பதை கம்ப்யூட்டரில் நுணுக்கமாகக் கணக்கிட வேண்டும். ஒரே கம்ப்யூட்டரில் செய்தால் பல ஆண்டுகள் ஆகும். எனவே, 2000ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே குழுவினர் 'ஃபோல்டிங் அட் ஹோம்' திட்டத்தைத் தொடங்கினர். கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்து, உலகெங்கும் உள்ள வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட் வழியே அனுப்புவார்கள். முடிந்ததும் விடை அவர்களிடம் தானாகத் திரும்பிப் போகும். 2020ல் கொரோனா சமயத்தில் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தபோது இதன் மொத்தக் கணக்கிடும் திறன் சூப்பர் கம்ப்யூட்டர்களையே மிஞ்சியது.

ஃபோல்டிங்அட்ஹோம் டாட் ஆர்க் தளத்தில் இலவசமாக டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். வேறு தளங்களில் கிடைப்பதைத் தொட வேண்டாம். பெயர் தராமலும் சேரலாம். செட்டிங்ஸ் பகுதியில் எந்த நோய்க்கு முன்னுரிமை என்ற இடத்தில் அல்சைமரைத் தேர்ந்தெடுக்கலாம். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது மட்டும் இயங்கும்படியும் அமைத்திடுங்கள். லேப்டாப் என்றால் சூடாகும். மெத்தை மேல் வைக்காதீர்கள். கரண்ட் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதலாக 100 வாட் இழுத்தால் 10 மணி நேரத்துக்கு 1 யூனிட். தினமும் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 60 யூனிட் ஏறும்.

இதனால் அந்த அம்மாயிக்கு நாளைக்கே பலன் கிடைக்குமா? கிடைக்காது. அதை மறைக்கக்கூடாது. 2023ல் அமெரிக்கா முழு அனுமதி அளித்த லெகானிமாப் மருந்தும், ஆரம்ப நிலை நோய் முற்றும் வேகத்தை ஓரளவு குறைக்குமே தவிர, குணமாக்காது. மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு ஆகிய ஆபத்துகளும் அதில் உண்டு.

இனி வீட்டு விஷயம். மறதி எல்லாம் அல்சைமர் அல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. "வயசானா அப்படித்தானுங்க" என்று விடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் ஊர்களில் இதுபற்றி ஆராய்ச்சி குறைவு என்ற குறையும் உண்டு. நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதால், '10/66' என்றே பெயர் வைத்துக்கொண்ட குழு 1998ல் கொச்சியில் உருவானது. சென்னையிலும் வேலூரிலும் ஆய்வு செய்தார்கள். 2008ல் வெளியான கோவா ஆய்வு ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் ஆலோசனை சொன்னதில், பார்த்துக்கொள்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது. நோயாளியோடு சேர்த்து மகளையும் மருமகளையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு இன்னொரு வேலையும் செய்து கொடுத்தேன். குடும்பப் படங்களை பெயிண்ட் புரோகிராமில் திறந்து, ஒவ்வொன்றிலும் பெயரையும் உறவையும் பெரிய எழுத்தில் டைப் செய்து ஒரு போல்டரில் சேமித்தோம். ஸ்கிரீன் சேவர் பகுதியில் போட்டோஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த போல்டரைக் காட்டினால் போதும். "இது யாரு?" என்று அம்மாயியிடம் பரீட்சை வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பதற்றம்தான் கூடும். யோசனை கேட்க, முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.