டிவிடெண்டைத் தேடி – 14: ஒரு விளம்பரத்துக்காகச் சேர்த்த கணக்கு

டி.வி.யின் அடியில் ஓடும் நிஃப்டி, டிவிடெண்டைச் சேர்க்காத வெறும் விலைக் கணக்கு. சேர்த்த கணக்குக்கு டி.ஆர்.ஐ. என்று பெயர். போன வாரம் இங்கேதான் நிறுத்தினோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த முன்கதை போதும்.

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டுகளின் பழைய என்.ஏ.வி.யில் டிவிடெண்டைச் சரிக்கட்டுவது எப்படி என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் போகிறேன். ஆனால் இப்படி டிவிடெண்டையும் சேர்த்து முழுக் கணக்கை முதலில் போட்டவர்கள் யார் என்று தேடப்போய் ஒரு கதை கிடைத்தது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

1959ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பெரிய பங்குத் தரகு நிறுவனமான மெரில் லிஞ்சில் லூயிஸ் எங்கல் துணைத் தலைவர். சாமானியர்களையும் பங்குச் சந்தைக்கு அழைத்து வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் முனைப்பு. பங்கு முதலீடு நல்ல முதலீடு என்று விளம்பரம் கொடுக்க வேண்டும். ஆனால் கையில் ஆதாரம் இல்லாமல் அப்படி அச்சடித்துவிட முடியாது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் வணிகப் படிப்புப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் லோரியைத் தொலைபேசியில் பிடித்தார். பங்கில் பணம் போட்டவர்களுக்கு, மற்ற முதலீடுகளோடு ஒப்பிட்டால், உண்மையில் எவ்வளவு கிடைத்திருக்கிறது? கேட்டது இவ்வளவுதான்.

லோரியிடம் பதில் இல்லை. நியூயார்க் பங்குச் சந்தை அப்போதே ஒன்றரை நூற்றாண்டைக் கடந்திருந்தது. அன்றாடம் விலை அச்சாகிக்கொண்டிருந்தது. டௌ ஜோன்ஸ் குறியீடு 1896இலிருந்து இருக்கிறது. இருந்தும், எல்லாப் பங்குகளையும், எல்லா டிவிடெண்டையும் சேர்த்து ஒரு முதலீட்டாளர் பெற்ற வருமானம் இவ்வளவு என்று கணக்கிட்டவர் எவரும் இல்லை.

மெரில் லிஞ்ச் 50,000 டாலர் கொடுத்தது. 1960இல் ‘பங்கு விலை ஆய்வு மையம்’ என்று ஒன்று சிகாகோவில் உருவானது. சி.ஆர்.எஸ்.பி. என்ற சுருக்கப் பெயரில் இன்றும் உலகெங்கும் நிதித்துறை ஆராய்ச்சியாளர்கள் நம்பி எடுக்கும் தரவு அதுதான். லோரியோடு சேர்ந்து வேலையைத் தோளில் சுமந்தவர் லாரன்ஸ் ஃபிஷர். நியூயார்க் சந்தையில் பட்டியலான ஒவ்வொரு சாதாரணப் பங்கையும், 1926 ஜனவரியிலிருந்து 1960 டிசம்பர் வரை, எடுத்துக்கொண்டார்கள். மாதக் கடைசி விலையை எழுதுவது எளிய பாகம். கம்பெனி எத்தனை டிவிடெண்ட் கொடுத்தது, எந்தத் தேதியில், ரொக்கமாகவா பங்காகவா. ஒரு பங்கை எப்போது இரண்டாகப் பிரித்தது. எந்தக் கம்பெனியோடு இணைந்தது. உரிமைப் பங்கு கொடுத்ததா. திவாலாகிப் போனதா, போனால் பங்குதாரர் கையில் ஏதாவது மிஞ்சியதா? இத்தனையும் தேட வேண்டியிருந்தது. பிழைத்த கம்பெனிகளை மட்டும் எண்ணினால் கணக்கு பொய்த்துவிடும் என்பதால், செத்துப்போன கம்பெனிகளின் கணக்கையும் விடாமல் சேர்த்தார்கள். காந்த நாடாவில் ஏற்றி, கணினியில் ஓட்டி, விடை கைக்கு வர 1964 ஆனது.

அந்த விடை: 1926 தொடங்கி 1960 முடிய, டிவிடெண்டை மறுபடி முதலீடு செய்த, வரி கட்டத் தேவையில்லாத ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 9 சதவீதம் கூட்டு வருமானம். நடுவில் 1929 சரிவும் பெருமந்தமும் உலகப் போரும் இருக்கின்றன. எல்லாவற்றையும் தாண்டி 9 சதவீதம்! முதலில் வாங்கும்போது கொடுக்கும் தரகுக் கூலியைக்கூட அவர்கள் மறக்கவில்லை.

இதே காலத்தில் டௌ ஜோன்ஸ் என்ன செய்தது? 1925 முடியும்போது 150களில் இருந்தது, 1960 முடியும்போது 615ஐ ஒட்டி நின்றது. ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆண்டுக்கு 4 சதவீதம். 9 சதவீதமோ 35 ஆண்டில் 20 மடங்கு. இரண்டு கணக்கிலும் உள்ள பங்குகள் வேறு, எடை போட்ட விதமும் வேறு. ஆகவே மொத்த வித்தியாசத்தையும் டிவிடெண்டின் பேரில் எழுதிவிட முடியாது. ஆனாலும் பெரும்பங்கு அதனுடையதுதான். மறுமுதலீடு செய்யப்பட்ட டிவிடெண்ட் 35 வருடத்தில் என்ன செய்யும் என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்டும் கணக்கை நான் பார்த்ததில்லை.

இந்தத் தரவின் உள்ளே போய்ப் பார்த்தால் இன்னும் அழகு. கம்பெனி பங்குதாரருக்குக் கொடுக்கும் எதற்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று வைத்தார்கள். 1232 என்று இருந்தால்: முதல் 1, வழக்கமான டிவிடெண்ட். அடுத்த 2, அமெரிக்க டாலரில் ரொக்கம். 3, காலாண்டுக்கு ஒருமுறை வருவது. கடைசி 2, வழக்கப்படி வரிக்கு உட்பட்டது. மூன்றாம் இலக்கம் 4 ஆனால் அரையாண்டு டிவிடெண்ட், 7 ஆனால் சிறப்பு டிவிடெண்ட். முதல் இலக்கம் 2 என்றால் கம்பெனியைக் கலைத்துப் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். 5 என்றால் பங்குப் பிரிப்பு அல்லது போனஸ். தொகை மட்டும் தெரிந்தால் போதாது, அது என்ன வகைக் காசு என்றும் தெரிய வேண்டும் என்ற அக்கறை அந்த நான்கு இலக்கத்தில் இருக்கிறது.

காசே இல்லாத டிவிடெண்டும் உண்டு. 1933இல் அமெரிக்காவில் மதுவிலக்கு முடியும் நேரத்தில், நேஷனல் டிஸ்டில்லர்ஸ் என்ற கம்பெனி தன் பங்குதாரர்களுக்கு விஸ்கியையே டிவிடெண்டாக அறிவித்தது. கைக்கு வந்தது, கிடங்கில் இருக்கும் விஸ்கிக்கான ரசீது. இதை எத்தனை டாலர் என்று எழுதுவது? வருமானக் கணக்கு போட உட்காருகிறவர் இதற்கும் ஒரு விடை சொல்லியாக வேண்டும்.

சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம்.

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பங்கு ஃபண்ட் ஒன்றை வாங்கியபோது என்.ஏ.வி. 18 ரூபாய், பல வருடம் கழித்தும் 19 ரூபாய்தான். ‘ஏமாந்துவிட்டேனா ஐயா?’ என்று கேட்கிறார். ஏமாறவில்லை, சார். நீங்கள் வைத்திருப்பது டிவிடெண்ட் ஆப்ஷன். வருடந்தோறும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்த தொகை அத்தனையும் அந்த என்.ஏ.வி.யிலிருந்து கழிந்து வந்ததுதான். உங்கள் பாஸ்புக்கில் அந்த வரவுகளைக் கூட்டிப் பாருங்கள்.

கழிவதைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு ஃபண்டின் என்.ஏ.வி. ஒரு காலத்தில் 30 ரூபாய். வளர்ந்து 50 ஆகிறது. யூனிட்டுக்கு 5 ரூபாய் டிவிடெண்ட் கொடுக்கிறார்கள். மறுநாள் சந்தை அசையவில்லை என்று வைத்துக்கொண்டால் என்.ஏ.வி. 45. பழைய தரவை அப்படியே எடுப்பவருக்கு 30 என்பது 45 ஆனது, 50 சதவீத லாபம். நடந்தது 30 ரூபாய் 50 ஆனது, அதாவது 66.7 சதவீதம்.

இதைச் சரிக்கட்ட, டிவிடெண்டுக்குப் பிந்தைய விலையை முந்தைய விலையால் வகுக்க வேண்டும். 45/50, 0.9. அந்தத் தேதிக்கு முந்தைய எல்லா என்.ஏ.வி.யையும் 0.9 ஆல் பெருக்கினால் 30 என்பது 27 ஆகும். 27லிருந்து 45, அதே 66.7 சதவீதம். சிலர் பழைய விலை எல்லாவற்றிலிருந்தும் 5 ரூபாயைக் கழித்துவிடுகிறார்கள். அப்போது 30 என்பது 25 ஆகி, லாபம் 80 சதவீதம் என்று வரும். இது தவறு. டிவிடெண்ட் கூடக்கூட, கழித்துக்கொண்டே போனால் பழைய விலை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போய்விடும். பெருக்க வேண்டும், கழிக்கக் கூடாது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: இப்படிப் பின்னோக்கிச் சரிக்கட்டிய தரவில், புதிதாக ஒரு டிவிடெண்ட் வரும்போதெல்லாம் பழைய எண்கள் அத்தனையும் மாறும். போன வருடம் எடுத்து வைத்த கோப்போடு இந்த வருடத்து எண்களை ஒட்டாதீர்கள். முழுவதையும் புதிதாக எடுங்கள். டி.ஆர்.ஐ.யில் இந்தச் சிக்கல் இல்லை. அது முன்னோக்கிச் சேர்த்துக்கொண்டே போகிற கணக்கு, நேற்றைய எண் நேற்றையதாகவே நிற்கும்.

தரவு எங்கே? ஃபண்டுகளின் சங்கமான ஆம்ஃபி, எல்லாத் திட்டங்களின் என்.ஏ.வி.யையும் அன்றாடம் இலவசமாக வெளியிடுகிறது. ஒரே நீளமான எழுத்துக் கோப்பு. அரைப்புள்ளி போட்டுப் பிரித்த பத்திகள். திட்ட எண், இரண்டு ஐ.எஸ்.ஐ.என். எண்கள், திட்டத்தின் பெயர், என்.ஏ.வி., தேதி. நம்பகமான கோப்பு. ஆனால் டிவிடெண்டுக்கு அதில் பத்தியே கிடையாது. கும்பகோணத்து ஆசிரியரின் 18ம் 19ம் அப்படியேதான் அதில் இருக்கும்.

இதற்கு எளிய வழி ஒன்று நம் கையிலேயே இருக்கிறது: அதே திட்டத்தின் குரோத் ஆப்ஷன். அதில் டிவிடெண்ட் வெளியே போவதில்லை. எல்லாம் உள்ளேயே தங்கி வளர்கிறது. ஆக, குரோத் என்.ஏ.வி.யே சரிக்கட்டிய தரவு. ஆசிரியருடைய திட்டத்தின் குரோத் ஆப்ஷனை எடுத்துப் பார்த்தேன்; அதே காலத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கிறது. இரண்டு எச்சரிக்கை. டைரக்ட் திட்டங்கள் 2013 ஜனவரி 1இல்தான் வந்தன. அதற்கு முந்தைய ரெகுலர் என்.ஏ.வி.யை டைரக்டோடு ஒட்டினால் செலவு விகிதம் மாறிக் கணக்கு கோணும். அடுத்தது வரி: டிவிடெண்ட் விநியோக வரி இருந்த காலத்தில், 2018 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரை பங்கு ஃபண்டுகளிலும், டிவிடெண்டில் ஒரு பகுதி அரசுக்குப் போனது. குரோத் கணக்கில் அது தெரியாது. டிவிடெண்ட் ஆப்ஷன்காரர் கையில் உண்மையாக வந்தது கொஞ்சம் குறைவு.

பெயரை நம்பித் தேடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். செபி உத்தரவால் 2021 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் ஆப்ஷனுக்கு ஐ.டி.சி.டபிள்யூ. என்று பெயர். 2018இல் திட்டங்களை வகைப்படுத்தியபோதும் ஏகப்பட்ட பெயர்கள் மாறின. திட்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு போவதே உத்தமம்.

குறியீடுகளுக்கு வேலை குறைவு. நிஃப்டி 50 டி.ஆர்.ஐ. 1999 ஜூன் 30 முதல் கிடைக்கிறது. 2024 செப்டம்பரில் நிஃப்டி 26,000ஐத் தாண்டியபோது டி.ஆர்.ஐ. 38,000க்கு மேல் இருந்தது. 2018 பிப்ரவரி 1 முதல் ஃபண்டுகள் தங்கள் வருமானத்தை டி.ஆர்.ஐ.யோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. அதற்கு முன்னால், டிவிடெண்டையும் வாங்கிச் சேர்த்துக்கொண்ட ஃபண்ட், டிவிடெண்டே இல்லாத குறியீட்டோடு ஓடி ‘ஜெயித்தேன்’ என்று சொல்ல முடிந்தது. 2018க்கு முந்தைய ஃபண்ட் விளம்பரம் எதையாவது பார்க்க நேர்ந்தால் எந்தக் குறியீட்டோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

வெளிநாட்டுக் குறியீடுகளிலும் இதே விழிப்பு வேண்டும். ஜெர்மனியின் டாக்ஸ், 1988இல் வந்தது. செய்தியில் சொல்லப்படும் டாக்ஸ் எண் டிவிடெண்டைச் சேர்த்த எண். அதை நம் நிஃப்டி விலைக் குறியீட்டோடு வைத்து யார் வேகமாக வளர்ந்தார்கள் என்று கேட்பது நியாயமே இல்லை. டாக்ஸோடு ஒப்பிட வேண்டுமென்றால் நிஃப்டி டி.ஆர்.ஐ.யை எடுங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் விலைத் தரவில் ‘சரிக்கட்டிய விலை’ என்று ஒரு பத்தி இருந்தால் அதில் எதைச் சரிக்கட்டியிருக்கிறார்கள் என்று சோதிக்க ஒரு நல்ல பங்கு டி.சி.எஸ். 2018இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. 2023 ஜனவரியில் சிறப்பு டிவிடெண்டையும் சேர்த்துப் பங்குக்கு 75 ரூபாய் கொடுத்தது. அப்போது விலை 3,400 ரூபாயை ஒட்டி இருந்தது, அதாவது இரண்டு சதவீதத்துக்கு மேல். 2018க்கு முந்தைய விலை பாதியாகியிருந்தால் போனஸைக் கவனித்திருக்கிறார்கள். 2023 ஜனவரிக்கு முந்தைய சரிக்கட்டிய விலை அன்றைய சந்தை விலையேதானா, அல்லது அதைவிடக் குறைந்திருக்கிறதா? குறையவில்லை என்றால் டிவிடெண்டை விட்டுவிட்டார்கள். அந்தத் தரவை வைத்து வருமானக் கணக்கு போட வேண்டாம்.

குரோத் ஆப்ஷனே இல்லாமல் ஓடிய பழைய திட்டங்களுக்கு என்ன செய்வது என்று நான்கைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். ஃபிஷரும் லோரியும் தங்கள் விடையை வெளியிட்ட அதே 1964இல், ஜூலை மாதம், நம் யு.டி.ஐ. தன் முதல் திட்டமான யு.எஸ்.-64ஐக் கொண்டுவந்தது. அதில் வாங்கும் விலையும் விற்கும் விலையும் யு.டி.ஐ. அறிவிப்பதுதான், என்.ஏ.வி. அல்ல. ஆகவே அதைத் தனியாக ஒரு வாரம் பார்க்க வேண்டும். 1986இல் வந்த மாஸ்டர்ஷேரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், 0.9 ஆல் பெருக்கும் முறையை முழு வரலாற்றுக்கும் போட்டுப் பார்க்க அது ஏற்ற திட்டம். உங்களில் யாரிடமாவது 1980கள், 90களின் மாஸ்டர்ஷேர் ஆண்டறிக்கையோ டிவிடெண்ட் வாரண்ட்டின் ஒட்டுச் சீட்டோ இருந்தால், பெயரையும் ஃபோலியோ எண்ணையும் மறைத்துவிட்டு, படமெடுத்து ஆசிரியர் அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். யூனிட்டுக்கு எவ்வளவு, எந்தத் தேதி என்ற இரண்டு விவரம் தெரிந்தால் போதும். செவ்வாய்க்கிழமைக்குள் கிடைத்தால் அடுத்த இதழிலேயே சேர்த்துவிடலாம்.

(தொடரும்)