கடலைக் கண்டு தயங்கும் பருந்து

மார்ச் மாதம் பிறந்ததும் ஒரு வெயில் நாளில், காலை பதினொரு மணிவாக்கில், தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்தின் அருகே நின்று கடலைப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, கண்தான் கூசும். பிறகு அடிவானத்துக்குச் சற்று மேலே மிளகு தூவியது போலச் சில புள்ளிகள் தோன்றும். புள்ளிகள் பெரிதாகி, இறக்கைகள் தெரியத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் பெரிய பருந்துகள் சிறகைச் சளைக்காமல் அடித்தபடி, மரங்களின் உச்சியை உரசுவது போலக் கரையேறும்.

நமக்குக் குளிர்காலமும் கிடையாது, வசந்தமும் கிடையாது. ஆனால் வடக்கே குளிர் விலகுவது நம் வானத்தில் தெரியும். சுமத்திரா, ஜாவா போன்ற தீவுகளில் குளிர்காலத்தைக் கழித்த தேன் பருந்துகள், குஞ்சு பொரிப்பதற்காகச் சைபீரியா, சீனா, ஜப்பான் நோக்கித் திரும்பும் காலம் இது. பிப்ரவரி பிற்பகுதியில் தொடங்கி மார்ச்சில் உச்சத்தை எட்டும்.

ஏன் குறிப்பாகத் தஞ்சோங் துவான்? போர்ட்டிக்சனுக்கு அருகே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய காட்டுமுனை அது. நிலப்பக்கம் முழுவதும் நெகிரி செம்பிலான் சூழ்ந்திருந்தாலும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமானது. 1606இல் டச்சுக்காரரும் போர்த்துகீசியரும் இதன் அருகேதான் கடற்போர் நடத்தினார்கள். பருந்துகளுக்கு வரலாறு வேண்டாம், தூரம்தான் வேண்டும். எதிரே இருக்கும் சுமத்திராவின் ரூப்பாட் தீவுக்கும் இந்த முனைக்கும் இடையே சுமார் 38 கிலோமீட்டர்தான். இப்பகுதியில் மலாக்கா நீரிணை மிகவும் ஒடுங்கும் இடம் இதுவே.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும் பறவைக்கு 38 கிலோமீட்டர் ஒரு பொருட்டா? இங்கேதான் உங்கள் இயற்பியல் பாடம் உதவுகிறது.

தேன் பருந்து அகன்ற இறக்கையும் கனத்த உடலும் கொண்டது. இறக்கையை அடித்துக்கொண்டே பறந்தால் சேமித்த கொழுப்பு விரைவில் கரைந்துவிடும். அதனால் அது ‘லிஃப்ட்’ ஏறுகிறது. வெயிலில் சூடான தரையிலிருந்து வெப்பக் காற்று தூண் போல மேலெழும். பருந்து அதற்குள் புகுந்து, இறக்கையை விரித்தபடி வட்டமிட்டே உயரும். உச்சிக்குப் போனதும் வடக்கு நோக்கிச் சறுக்கும். தாழ்ந்ததும் அடுத்த தூணைத் தேடும். செலவு மிகக் குறைவு.

கடலில் இந்த வித்தை எடுபடாது. ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். காய்ந்த மணலுக்கு 800 ஜூல் அளவே போதும். எனவே அதே வெயிலில் மணல் கொதிக்கும், கடல் அசையாது. வலுவான காற்றுத் தூண் கிடைக்காத பருந்து, ரூப்பாட் தீவின் மேல் முடிந்தவரை உயரம் ஏறிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறது. அந்த உயரம் தீர்ந்த பிறகு மீதித் தூரத்தைச் சொந்தத் தசை வலிமையால் கடக்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் பயணம். நடுவழியில் மழை பிடித்தால் ஒதுங்க ஒரு கிளைகூடக் கிடையாது.

முதல் தடவை நான் போனபோது, சீக்கிரம் போனால் நிறைய பார்க்கலாம் என்று எட்டு மணிக்கே போய் நின்றேன். மூன்று மணி நேரம் கொசுக்களுக்குத்தான் கொண்டாட்டம். பிறகுதான் புரிந்தது: ரூப்பாட்டில் தரை சூடாகாமல் பருந்து கிளம்பாது. நம் கடிகாரத்தில் எட்டு மணி என்றால் அங்கே ஏழு மணிதான்!

கரை தொட்டதும் காட்சி மாறும். களைத்தவை காட்டு மரங்களில் அமர்ந்துவிடும். மற்றவை காட்டுக்கு மேலே காற்றுத் தூணைப் பிடித்து, பத்து, இருபது என்று கூட்டமாக வட்டமிட்டு உயர்ந்து, மறுபடி புள்ளிகளாகி உள்நாட்டுப் பக்கம் மறையும். சுற்றிலும் விடுதிகளும் அடுக்குமாடிகளும் நெருங்கிவிட்ட கடற்கரையில், கடல் தாண்டி வரும் பறவைக்குக் கிடைக்கும் முதல் மரங்கள் இந்தச் சிறு காட்டில்தான் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டு முதல் மலேசிய இயற்கைச் சங்கம் மார்ச் மாதத்தில் இங்கே பருந்து பார்க்கும் விழாவை நடத்தி வருகிறது. கூட்டம் சேர்ப்பது மட்டும் அதன் நோக்கமல்ல; இந்தக் காடு ஏன் நிற்க வேண்டும் என்பதைக் கண்ணால் காட்டுவதும்தான்.

இன்னொரு புதிர். நிலநடுக்கோட்டுக்கு அருகே பகல் நேரம் ஆண்டு முழுவதும் சில நிமிடங்களே கூடிக் குறையும். பிறகு, ‘கிளம்பு’ என்று யார் சொல்வது? 1960களில் ஜெர்மானிய ஆய்வாளர் எபர்ஹார்ட் குவின்னர், வலசை போகும் சிறு குருவிகளைக் கூண்டில் வைத்து, நாள்தோறும் சரியாக 12 மணி நேர வெளிச்சம் மட்டும் கொடுத்தார். பருவம் தெரிய வழியே இல்லாவிட்டாலும், வலசைக் காலத்தில் அவை இரவெல்லாம் தவித்தன. உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது.

ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோயோஷி ஹிகுச்சி குழுவினர் செயற்கைக்கோள் கருவி பொருத்தியபோது மற்றொன்றும் தெரிந்தது. ஜப்பானியத் தேன் பருந்துகள் தெற்கே வரும்போது கிழக்குச் சீனக் கடலைத் துணிந்து தாண்டுகின்றன. திரும்பும்போது அப்படிச் செய்வதில்லை. நம் தீபகற்பத்தின் வழியே ஏறி, சீனாவையும் கொரியாவையும் சுற்றிக்கொண்டு போகின்றன. சுற்று வழிதான், ஆனால் பெரும்பகுதி தரைக்கு மேலே.

போர்ட்டிக்சனுக்குப் போக முடியாதவர்கள் வீட்டுக்கு அருகே மின்கம்பிகளைப் பாருங்கள். தகைவிலான் குருவியும் இப்போது வடக்கே கிளம்பும். இறக்கையடித்தே பறக்கும் சிறு பறவை என்பதால் அதற்குக் காற்றுத் தூண் தேவையில்லை. பெந்தோங் நகரில் மாலையில் ஆயிரக்கணக்கில் கம்பியில் அமரும். ஓர் எச்சரிக்கை: இங்கேயே வாழும் உறவுக்காரக் குருவியும் ஒன்று உண்டு. சிவந்த தொண்டைக்குக் கீழே கரும்பட்டை இருந்தால்தான் அது விருந்தாளி. கடைசியாக அதைப் பார்த்த தேதியைக் குறித்து வையுங்கள். செப்டம்பரில் முதலில் பார்க்கும் தேதிக்கும் பக்கத்தில் இடம் விடுங்கள்.